சிட்டிசன்ஷிப் ஃபார்ம்: காசு வாங்குன கடையும் காசு வாங்காத லைப்ரரியும்

மொதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் கிடையாது, நியூஜெர்சில உக்காந்து கம்ப்யூட்டர் தட்டற ஆளு, அதனால இத சட்ட ஆலோசனைன்னு எடுத்துக்காதீங்க. எங்க அம்மா கிரீன் கார்டுலேர்ந்து சிட்டிசன் ஆகறதுக்கு ஒரு ஃபார்ம் நிரப்பற கடைல காசு குடுத்து ஏமாந்தேன், அப்புறம் எங்க டவுன் லைப்ரரில ஓசில நடக்கற கிளாஸுக்கு அம்மாவ கூட்டிட்டுப் போனேன், கடைசில வீட்டு டைனிங் டேபிள்லயே உக்காந்து ஆன்லைன்ல அப்ளை பண்ணேன். கடைக்கு அஞ்சுக்கு அரை ஸ்டார், அதுவும் அங்க குடுத்த இஞ்சி டீ நல்லா இருந்ததால. லைப்ரரிக்கு நாலரை. ஆன்லைன் ஃபார்முக்கு நாலு. ஏன்னு கொஞ்சம் நீட்டமா சொல்றேன், அவசரத்துல இருக்கறவங்க நாள் கணக்கு பத்தி எழுதியிருக்கறத மட்டுமாவது படிச்சுட்டு போங்க.

அம்மாவுக்கு இப்ப 76. கும்பகோணம் பக்கத்துல அஞ்சு மா நெலம், ஒரு ஓட்டு வீடு, எதிர்ல கோயில் குளம், இதான் அவங்க உலகம். அக்கா 2008ல சிட்டிசன் ஆனா, அப்பா போனப்பறம் அம்மா தனியா இருக்கக்கூடாதுன்னு ஸ்பான்ஸர் பண்ணி 2009ல கூட்டிட்டு வந்தா. அம்மாவும் வந்தாங்க, ஆனா மனசு என்னமோ அங்கதான். வருஷா வருஷம் மார்கழிக்கு முன்னாடி கிளம்பி பங்குனி சித்திரைக்கு திரும்பறது வழக்கம். அஞ்சு வருஷம் முடிஞ்சா அப்ளை பண்ணலாமே, நீ எப்பவோ தகுதி ஆயிட்டியேன்னு அக்கா தலையால தண்ணி குடிச்சு பாத்தா. "பொறந்த நாட்ட எழுதிக் குடுத்துட்டு எனக்கு என்னடி வேணும் இந்த ஊர்ல"ன்னு ஒரே பதில்.

மாறுனது எப்பன்னா, பெரியம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப. கிரீன் கார்டுல இருக்கறவங்க ஆறு மாசத்துக்கு மேல வெளில இருந்தா கேள்வி வரும், ஒரு வருஷம் தாண்டுனா கார்டே சிக்கல்னு நாங்கதான் பயமுறுத்தி வச்சிருந்தோம், அதனால டிக்கெட் தேதிக்கு அம்மா கிளம்பி வந்துட்டாங்க. வந்து பதினோராம் நாள் ஃபோன் வந்துது. அதுக்கப்புறம் ஒரு மாசம் சரியா பேசவே இல்ல. ஒருநாள் காலைல காபி ஆத்திக்கிட்டே, "அந்த பேப்பர வாங்கிக் குடுடா, நான் ஊர்ல இஷ்டத்துக்கு இருக்கணும், யாரும் என்ன நாள் எண்ணக்கூடாது"ன்னாங்க. அமெரிக்க குடியுரிமைய இந்தியால தங்கறதுக்காக வாங்கறாங்கன்னு நான் ஆபீஸ்ல சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா யோசிச்சுப் பாருங்க, கணக்கு சரிதான். சிட்டிசன் ஆயிட்டா எத்தன வருஷம் வெளில இருந்தாலும் திரும்பி வர்ற உரிமை போகாது, அந்தப் பக்கம் ஓசிஐ கார்டு (வேற நாட்டு சிட்டிசன் ஆயிட்ட நம்மாளுங்களுக்கு இந்தியா குடுக்கற ஆயுசு பூரா விசா மாதிரி) இருந்தா இந்தியால எவ்ளோ நாள் வேணாலும் இருக்கலாம். கிரீன் கார்டுலதான் ரெண்டு பக்கமும் இழுபறி.

சரி, கடைக்கு வருவோம். 2024 நவம்பர். பேரு சொல்ல மாட்டேன். டாக்ஸ் ஃபைலிங், பாஸ்போர்ட் ஃபோட்டோ, பணம் அனுப்பறது, ஏர் டிக்கெட், இமிக்ரேஷன் ஃபார்ம் எல்லாம் ஒரே போர்டுல எழுதியிருக்கற மாதிரி ஒரு கடை, நம்மாளுங்க இருக்கற ஏரியால தெருவுக்கு ரெண்டு இருக்கும். என்னோட சிட்டிசன்ஷிப் ஃபார்ம அந்த வருஷம்தான் நானே போட்டு முடிச்சிருந்தேன், ஆனா அம்மா கேஸு வயசு, பாஷை, பயணம்னு சிக்கலா இருக்கேன்னு தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கலாம்னு நெனச்சேன். 1,200 டாலர் கேட்டாங்க, அரசாங்க ஃபீஸ் தனி. 600 அட்வான்ஸ். கவுன்டர்ல இருந்த பையன் அம்மா பாஸ்போர்ட்டையும் கிரீன் கார்டையும் ஸ்கேன் பண்ணிக்கிட்டு, பத்து நாள்ல ஃபார்ம் ரெடின்னு சொன்னான், ரெடி பண்ணி பிரின்ட் அவுட்டும் குடுத்தான். படிச்சுப் பாத்தா மூணு இடத்துல எனக்கு வயித்த கலக்குச்சு.

ஒண்ணு, அம்மாவோட பேரு. நம்ம தமிழ்க்காரங்களுக்கு தெரியும், பழைய பாஸ்போர்ட்ல இனிஷியல விரிச்சு எழுதாம சர்நேம் கட்டம் காலியா இருக்கும், அத இந்த ஊர்க்காரங்க பேர தூக்கி சர்நேம்ல போட்டுட்டு மொதல் பேரு இடத்துல எஃப்என்யுன்னு அடிச்சு விடுவாங்க, அதாவது மொதல் பேரு தெரியலன்னு அர்த்தம். பதினஞ்சு வருஷமா எங்கம்மாவ டாக்டர் ஆபீஸ்ல "ஃபுனு"ன்னு கூப்பிடறாங்க. சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன்லயே பேர மாத்திக்க கேக்கலாம், அதுக்குன்னு ஃபார்ம்ல ஒரு கேள்வியே இருக்கு, ஆனா அத அந்தப் பையன் சொல்லவே இல்ல, எஃப்என்யு அப்படியே நகல் எடுத்திருந்தான்.

ரெண்டு, இங்கிலீஷ் டெஸ்ட். 55 வயசு ஆகி 15 வருஷம் கிரீன் கார்டு இருந்தா, இல்ல 50 வயசு ஆகி 20 வருஷம் இருந்தா, இங்கிலீஷ் படிக்கற எழுதற பேசற டெஸ்ட் எதுவும் கிடையாது, இன்டர்வியூவ தாய்மொழில மொழிபெயர்ப்பாளர் வச்சு பண்ணலாம். அம்மாவுக்கு 2024லயே 15 வருஷம் ஆயிடுச்சு. அத அந்தப் பையன் கவனிக்கவே இல்ல. கேட்டா "பரவால்ல சார், ரெண்டு சென்டென்ஸ்தான் கேப்பாங்க"ன்றான். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ்ல தெரிஞ்சது தேங்க்யூ, சேல், கூப்பன்.

மூணாவதுதான் பெரிய விஷயம். 2020 ஜனவரில ஊருக்கு போனவங்க ஏப்ரல்ல திரும்பியிருக்கணும், மார்ச் கடைசில இந்தியா ஃப்ளைட்டெல்லாம் நிறுத்திடுச்சு, அம்மா அங்கயே மாட்டி செப்டம்பர்லதான் வந்தாங்க. ஏழர மாசம். அந்த ட்ரிப் ஃபார்ம்லயே இல்ல. மறந்துட்டானோன்னு நெனச்சு கேட்டேன். "வேணும்னுதான் விட்டேன் சார், ஆறு மாசத்துக்கு மேல போட்டா ரிஜெக்ட் ஆயிடும், அவங்க என்ன செக் பண்ணவா போறாங்க"ன்னான். டேய், பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி உள்ள விட்டதே அவங்கதாண்டா! கையெழுத்து போடறது எங்கம்மா, பொய் சொன்னா தண்டனைன்னு அச்சடிச்ச பக்கத்துல. அப்ளிகேஷன் தள்ளிப்போனா திரும்ப போட்டுக்கலாம், பொய் சொல்லி மாட்டுனா அது வேற கத, இருக்கற கார்டுக்கே ஆபத்து. ஃபைல வாங்கிட்டு வந்துட்டேன்.

இப்ப அந்த நாள் கணக்கு. நெறய பேரு "கிரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சா, அப்ளை பண்ணு"ன்னு மட்டும் சொல்லுவாங்க. (அமெரிக்க சிட்டிசன கல்யாணம் பண்ணி சேந்து இருக்கறவங்களுக்கு மூணு வருஷம்.) அஞ்சு வருஷம் முடியறதுக்கு 90 நாள் முன்னாடியே ஃபார்ம் போட்டுடலாம், அதுவும் உண்மை. ஆனா அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு தனித்தனி கணக்கு ஓடுது, அத குழப்பிக்கறவங்கதான் அதிகம். ஒண்ணு, உடம்பு இந்த மண்ணுல இருந்த நாள், குறைஞ்சது 30 மாசம், அதாவது 913 நாள். இன்னொண்ணு, குடியிருப்பு அறுந்து போகாம தொடர்ச்சியா இருக்கணும், ஒரே பயணத்துல ஆறு மாசத்துக்கு மேல வெளில இருந்தா அறுந்துச்சுன்னு எடுத்துப்பாங்க, இல்ல அறுகலன்னு நாமதான் ஆதாரம் காட்டணும், ஒரு வருஷம் ஆயிட்டா பெரும்பாலும் பேச்சே இல்ல, அறுந்ததுதான். 913 நாள் தாராளமா இருக்கு, அதனால பிரச்சன இல்லன்னு நெனச்சவன்தான் நானும். அஞ்சு தடவ நாலு நாலு மாசம் போனாலும் வராத சிக்கல், ஒரே தடவ ஏழு மாசம் போனா வரும்.

சரி, தேதியெல்லாம் எங்கேர்ந்து எடுக்கறது? அமெரிக்காவுல கிளம்பும்போது பாஸ்போர்ட்ல முத்திரை குத்தறது கிடையாது. இந்தியாவுல இறங்கும்போதும் ஏறும்போதும் குத்துவாங்க, ஆனா சென்னை முத்திரைல பாதி மையி நம்ம பக்கத்துலயும் பாதி அடுத்த பக்கத்துலயும் இருக்கும். கடைசில காப்பாத்துனது அம்மாவோட டைரி. பேங்க்ல குடுப்பானே பச்ச ரெக்ஸின் டைரி, அதுல பால் கணக்குக்கு நடுவுல "தை 5, ஊருக்கு கிளம்பினது, நல்ல நேரம் பாத்து 4 மணிக்கு வாசல் தாண்டினேன்"னு எழுதி வச்சிருக்காங்க. நான் உக்காந்து தை 5ன்னா ஜனவரி 19ன்னு ஒவ்வொண்ணா மாத்துனேன். அதுலயும் ஒரு வம்பு, சென்னைலேர்ந்து வர்ற ஃப்ளைட்டு நடுராத்திரிக்கு மேல கிளம்பும், அம்மா வீட்ட விட்டு கிளம்புன தேதிய எழுதியிருப்பாங்க, அது முந்தின நாளா இருக்கும். டிக்கெட் மெயில், முத்திரை, டைரி மூணையும் பக்கத்துல வச்சு ஒரு ஞாயித்துக்கிழம பூரா போச்சு. ஆனா நாங்க பண்ணதுலயே உருப்படியான வேல அதான். 1,200 டாலர் வாங்கறவன் இதத்தான் பண்ணியிருக்கணும். கிளம்பற நாளும் வந்து இறங்கற நாளும் அமெரிக்காவுல இருந்த நாளாதான் சேரும், அது ஒரு சின்ன லாபம்.

லைப்ரரிக்கு எப்படி போனோம்னா, அக்காவோட ஃப்ரெண்டு ஒரு குஜராத்தி அம்மா சொன்னாங்க. செவ்வாக்கிழம சாயங்காலம், கீழ்த்தளத்துல கொழந்தைங்க கத சொல்ற ரூம்ல கிளாஸு. சின்ன சின்ன கலர் நாற்காலி, அதுல எல்லாம் அறுபது எழுபது வயசு ஆளுங்க. டீச்சர் ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர், வாலன்டியர், ஒரு பைசா கிடையாது. ஈக்வடார்காரர் ஒருத்தர், எகிப்துலேர்ந்து ஒரு தம்பதி, ரெண்டு குஜராத்தி அம்மாங்க, எங்கம்மா. கொறைன்னா, கிளாஸ் முழுக்க இங்கிலீஷ்லதான், ரூம்ல ஹீட்டர் வேல செய்யாது, பார்க்கிங்க்கு சுத்தணும். அரை ஸ்டார் கொறச்சது ஹீட்டருக்கு. ஆனா மாசத்துக்கு ஒருநாள் ஒரு தொண்டு நிறுவனத்துலேர்ந்து ஒரு அம்மா வருவாங்க, வக்கீல் இல்ல, ஆனா அமெரிக்க அரசாங்கத்தோட நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகாரம் குடுத்த பிரதிநிதி, இந்த மாதிரி கேஸ்ல ஆலோசனை சொல்ல அவங்களுக்கு சட்டப்படி அனுமதி உண்டு. இந்த வித்தியாசம் எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கடைக்காரன் ஃபார்ம்ல நாம சொல்றத எழுதலாம், அவ்ளோதான், எந்த ட்ரிப்ப போடணும் போடக்கூடாதுன்னு சொல்ல அவனுக்கு உரிமையே கிடையாது.

அந்த அம்மா எங்க லிஸ்ட வாங்கி பேனாவால ஒவ்வொரு வரியா போனாங்க. 2020 வந்ததும் நிறுத்துனாங்க. "ஃப்ளைட் இல்லாததுக்கு ஆதாரம் காட்டி வாதாடலாம், ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா செப்டம்பர் 2025 தாண்டிட்டா இந்தப் பயணமே அஞ்சு வருஷக் கணக்குலேர்ந்து வெளில போயிடும். உங்கம்மாவுக்கு பத்து மாசம் காத்திருக்கறது கஷ்டமா, ஆபீஸர் முன்னாடி வாதாடறது கஷ்டமா?" அம்மாகிட்ட தமிழ்ல சொன்னேன். "பதினஞ்சு வருஷம் இருந்தாச்சு, பத்து மாசம் இருக்க மாட்டேனா"ன்னாங்க. அடுத்து, கம்யூனிஸ்ட் கட்சி சம்பந்தமா ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு. அத படிச்சு சொன்னதும் அம்மா மொகமே வெளிறிடுச்சு. தஞ்சாவூர் ஜில்லால பொறந்தவங்களுக்கு புரியும். "ஒரு தடவ கதிர் அரிவாளுக்கு ஓட்டு போட்டேனே, மாமா சொன்னார்னு." அந்தப் பிரதிநிதி அம்மா சிரிக்கவே இல்ல, பொறுமையா கேட்டாங்க, உறுப்பினர் அட்ட இருந்துதா, சந்தா கட்டுனாங்களா, கூட்டத்துக்கு போனாங்களா, கட்சி வேல ஏதாவது பாத்தாங்களா. எதுவும் இல்ல. ஓட்டு போட்டா கட்சிக்காரங்க ஆயிட மாட்டாங்க, இல்லன்னு போடுங்கன்னாங்க. அதே மூச்சுல அவங்க கேட்ட இன்னொரு கேள்விய எல்லாரும் கவனிங்க, இந்த ஊர்ல எப்பவாவது ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேத்திருக்கீங்களான்னு. லைசென்ஸ் எடுக்கப்போற எடத்துல கேக்கற கேள்விக்கு தெரியாம யெஸ்னு தட்டி மாட்டிக்கிட்ட கிரீன் கார்டுக்காரங்க உண்டு, அது சாதாரண தப்பு இல்ல.

இனிமே பாடம். வயசானவங்களுக்கு டெஸ்ட்டே இல்லன்னு ஊர்ல ஒரு வதந்தி சுத்துது, நம்பாதீங்க. 55-15 சலுகை இங்கிலீஷுக்கு மட்டும்தான், அரசியல் வரலாறு கேள்வி உண்டு, தமிழ்ல பதில் சொல்லலாம், அவ்ளோதான். 65 வயசு தாண்டி 20 வருஷம் கிரீன் கார்டு இருந்தாதான் 20 கேள்வி மட்டும் படிச்சா போதும்ங்கற சலுகை. அம்மாவுக்கு வயசு இருக்கு, வருஷம் நாலு கம்மி. அதனால அப்ப இருந்த பழைய டெஸ்ட் படி முழு 100 கேள்வி. அதுலேர்ந்து 10 கேப்பாங்க, 6 சொல்லணும். (மெடிக்கல் காரணத்தால படிக்கவே முடியாதவங்களுக்கு டாக்டர் நிரப்பற என்-648னு ஒரு ஃபார்ம் இருக்கு, எங்களுக்கு தேவப்படல.) அரசாங்க வெப்சைட்ல அட்டை, ஆடியோ எல்லாம் இலவசமா இருக்கு, தமிழ்ல எனக்கு கிடைக்கல, அதனால நானே ஒரு நாப்பது பக்க நோட்டுல தமிழ்ல எழுதிக் குடுத்தேன்.

மொத ரெண்டு வாரம் ஒண்ணும் ஏறல. அம்மாவுக்கு கோவம், எனக்கு அதவிட கோவம். அப்புறம் ஒருநாள் ராத்திரி சப்பாத்தி மாவு பெசஞ்சுக்கிட்டே அவங்களே வழி கண்டுபிடிச்சாங்க. சுப்ரீம் கோர்ட்ல எத்தன நீதிபதி? ஒம்பது. நவக்கிரகம்! அரசியல் சாசனத்துக்கு எத்தன திருத்தம்? 27. நட்சத்திரம்! செனட்டருக்கு எத்தன வருஷம்? ஆறுமுகம். ஜனாதிபதிக்கு? நாலு வேதம். நூறு செனட்டர் கௌரவர்கள், "துரியோதனன் கூட்டம்"ன்னு சொல்லி சிரிச்சாங்க. பிரதிநிதிகள் சபைல 435 பேரு, அந்த 435க்கு மட்டும் எந்தப் புராணத்துலயும் எண்ணிக்க இல்ல, அத வெறுமனே மனப்பாடம். நியூஜெர்சி செனட்டர் ஒருத்தர் பேரு சொல்லணும், ஆண்டி கிம். "பழனி ஆண்டி, சரி, விடு." கவர்னர் ஃபில் மர்ஃபி, அது எதுவும் சொல்லாமயே ஒட்டிக்கிச்சு, எங்க வீட்ல ஒரு காலத்துல மர்ஃபி ரேடியோ இருந்துது. வியாழனுக்கு வியாழன் அந்த ரேடியோ முன்னாடி உக்காந்த கதையெல்லாம் நூத்துக்கு நூறு கேள்வி முடியறதுக்குள்ள நான் நாலு தடவ கேட்டாச்சு.

2025 செப்டம்பர்ல ஒரு புது அறிவிப்பு. அக்டோபர் 20லேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு புது டெஸ்ட், பட்டியல்ல 128 கேள்வி, கேக்கறது 20, சரியா சொல்ல வேண்டியது 12. எனக்கு தூக்கம் போச்சு. ஒருபக்கம் செப்டம்பர் மொத வாரம் தாண்டுனாதான் 2020 பயணம் கணக்குலேர்ந்து போகும், இன்னொருபக்கம் அக்டோபர் 20க்கு முன்னாடி போட்டாதான் அம்மாவோட நவக்கிரகமும் நட்சத்திரமும் செல்லும். ஒன்றர மாச ஜன்னல். அந்தப் பிரதிநிதி அம்மா கடைசியா ஒரு தடவ பாத்து சரின்னு சொன்னதும், சரஸ்வதி பூஜை கழிஞ்சு அந்த வார சனிக்கிழம சிட்டிசன்ஷிப் ஃபார்ம, அதான் என்-400, ஆன்லைன்ல போட்டோம். 710 டாலர், பேப்பர்ல போட்டா 760. வருமானம் கொறச்சலா இருக்கற வீட்டுக்கு 380னு ஒரு கொறஞ்ச கட்டணம் இருக்கு, அது வேணும்னா பேப்பர்லதான் போடணும், எங்களுக்கு அந்த வரம்பு ஒத்து வரல. ஆன்லைன் ஃபார்ம் நல்லாவே இருக்கு, பாதில விட்டுட்டுப் போனா அப்படியே சேமிச்சு வைக்கும், பயணத் தேதி கட்டம் கட்டமா சேத்துக்கிட்டே போகலாம். டைரி கணக்கு கைல இருந்ததால ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது. இதுக்குத்தான் நான் 1,200 டாலர் குடுக்கப் போனேன்.

பிப்ரவரில நெவார்க்ல இன்டர்வியூ. ஜனவரி 20 அன்னைக்கு ஒரு கூத்து, நியூஜெர்சிக்கு கவர்னர் மாறிட்டாங்க. மர்ஃபி போயி மைக்கி ஷெரில் வந்துட்டாங்க. கேள்வி பட்டியல் பழசா இருந்தாலும் பதவில யார் இருக்காங்களோ அவங்க பேரத்தான் இன்டர்வியூ அன்னைக்கு சொல்லணும். அம்மாகிட்ட பயந்துகிட்டே சொன்னேன். ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு, "ரேடியோ போச்சு, மைக் வந்துது, அவ்ளோதானே"ன்னாங்க. சபாநாயகர் பேரும் மைக் ஜான்சன்னு ஞாபகப்படுத்துனப்பதான் கொஞ்சம் திட்டு விழுந்துது.

மொழிபெயர்க்க எங்க தமிழ்ப் பள்ளி டீச்சரக்கா ஒருத்தங்க வேலைக்கு லீவ் போட்டு வந்தாங்க, குடும்பத்து ஆளு இல்லாம வெளி ஆளா இருந்தா நல்லதுன்னு கிளாஸ்ல சொல்லியிருந்தாங்க. வெளில ஐஸு, நெலம் வழுக்குது, அம்மா பட்டுப்புடவைக்கு மேல கோட்டு, காலுல ஸ்னோ பூட்ஸு. நான் வெளிலதான் உக்காந்திருந்தேன், உள்ள நடந்தது டீச்சரக்கா சொல்லித்தான் தெரியும். ஆபீஸர் சின்னப் பொண்ணு, வலது கைய தூக்கி உண்மை சொல்றேன்னு சத்தியம் வாங்கிட்டு, ஃபார்ம மொதல்லேர்ந்து கேட்டிருக்காங்க, பயணத்த ஒவ்வொண்ணா கேட்டிருக்காங்க. 2020 பத்தியும் கேட்டாங்களாம், எப்ப திரும்புனீங்கன்னு. அம்மா தேதிய டக்குனு சொன்னதும் தலையாட்டிட்டு அடுத்ததுக்கு போயிட்டாங்க. கடைப் பையன் சொன்ன "அவங்க என்ன செக் பண்ணவா போறாங்க" எனக்கு காதுல கேட்டுக்கிட்டே இருந்துது.

டெஸ்ட்ல மொத கேள்வி, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எதுக்கு பேர் போனவர். அம்மாவுக்கு வரல. அடுத்து நீதிபதி எத்தன பேரு, திருத்தம் எத்தன, மேற்குக் கடற்கரைல என்ன சமுத்திரம், கவர்னர் யாரு, கொடில ஏன் 13 கோடு, நியூஜெர்சி தலைநகர் என்ன. வரிசையா ஆறு. ஆறு சரியானதும் ஆபீஸர் நிறுத்திட்டாங்க, அதான் முறை. அம்மா விடல. "இன்னும் மூணு இருக்கே, கேளுங்க"ன்னு டீச்சரக்காகிட்ட சொல்லியிருக்காங்க, அக்காவும் வேற வழியில்லாம அத இங்கிலீஷ்ல சொல்ல, ஆபீஸர் சிரிச்சுட்டாங்களாம். வெளில வந்து பாஸ் ஆன சந்தோஷத்தவிட 435 கேக்கலயேங்கற வருத்தம்தான் கார்ல பூரா. ராத்திரி பகலா படிச்சது அது ஒண்ணுதானாம்.

பேரு மாத்தறதுக்கு டிக் போட்டதால உறுதிமொழி நீதிபதி முன்னாடி எடுக்கணும், அதுக்கு கொஞ்சம் காத்திருக்க வேண்டி வந்துது. பேரு மாத்தாதவங்களுக்கு இவ்ளோ நாள் இழுக்காம முடியலாம், அவசரம்னா அத யோசிச்சு டிக் போடுங்க. உறுதிமொழி வாசகத்துல சட்டம் கேட்டா நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன்னு ஒரு வரி வரும். "இந்த வயசுல துப்பாக்கியா?" மத நம்பிக்க காரணமா அந்த வரிய விட்டுட்டு எடுக்க கேக்கலாம்னு சொன்னேன், "இருக்கட்டும், கூப்டா அப்ப பாத்துக்கலாம்"னுட்டாங்க. உள்ள போனதும் கிரீன் கார்ட திருப்பி வாங்கிட்டாங்க. சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும் அங்கயே எழுத்து எழுத்தா படிச்சுப் பாருங்க, தப்பு இருந்தா அந்த இடத்துலயே சொல்லிடறது நல்லது, அப்புறம் அதுக்கு தனி ஃபார்ம், தனி அலைச்சல். எங்களது சரியா இருந்துது. ஃபுனு ஒழிஞ்சா. அம்மா பேருக்கு பின்னாடி எங்கப்பா பேரு. அத வெரலால ரெண்டு தடவ தடவிப் பாத்தாங்க, நான் கார் எடுக்கறேன்னு சொல்லிட்டு நகந்துட்டேன்.

இந்தியா பக்கம் வேலை இப்ப ஓடிக்கிட்டு இருக்கு. வேற நாட்டு குடியுரிமை வாங்குன நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும், 1955 சட்டத்துல 9ம் பிரிவு, ரெட்டக் குடியுரிமையெல்லாம் நமக்கு கிடையாது. அந்த பழைய பாஸ்போர்ட்ல பயணம் பண்ணக்கூடாது, ஒப்படைச்சு சர்டிஃபிகேட் வாங்கணும், அப்புறம் அமெரிக்க பாஸ்போர்ட் வச்சு ஓசிஐ. ஓசிஐ வந்தா ஓட்டு கிடையாது, கதிர் அரிவாளும் கிடையாது ரெட்டை இலையும் கிடையாது. புதுசா வெவசாய நெலம் வாங்க முடியாது. இருக்கற அஞ்சு மா ஊர்ல இருந்தப்பவே அம்மா பேருல இருந்தது, அத வச்சுக்கலாம், பக்கத்து வயல் விலைக்கு வருதுன்னு மாமா சொல்லிக்கிட்டே இருந்தாரு, அது இனிமே நடக்காது. இத அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட தெளிவா சொல்லிட்டோம், உங்க வீட்லயும் சொல்லிடுங்க, முடிஞ்சப்பறம் தெரிஞ்சா மனஸ்தாபம்தான்.

யாருக்கு வக்கீல் வேணும்னு கேட்டா, போலீஸ் கேஸு, பழைய டாக்ஸ் பாக்கி, ஓட்டர் லிஸ்ட் குழப்பம், ஒரு வருஷத்துக்கு மேல வெளில இருந்தது, இதுல ஏதாவது இருந்தா யோசிக்காம காசு குடுத்து நல்ல இமிக்ரேஷன் வக்கீல பாருங்க, அந்தக் காசு வீண் போகாது. அதெல்லாம் இல்லன்னா லைப்ரரி, இல்ல உங்க ஊர்ல இருக்கற அங்கீகாரம் பெத்த தொண்டு நிறுவனம். போறதுக்கு முன்னாடி பயண லிஸ்ட நீங்களே எழுதி எடுத்துட்டுப் போங்க, அது இல்லாம யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. செவ்வாக்கிழம கிளாஸுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க.

கடைக்காரர்கிட்ட அந்த 600 டாலர திருப்பிக் கேட்டேன். பேப்பர் வேல பண்ணதுக்கு 450 போக மீதி 150 செக்கா அனுப்பறேன்னாரு. அது போன வருஷம் ஜனவரில. நேத்து பாலும் கறிவேப்பிலையும் வாங்கப் போறப்ப அந்தப் பக்கமா நடந்தேன், போர்டுல புதுசா "ஓசிஐ சர்வீஸ்"னு ஒரு வரி சேத்திருக்காங்க. செக் இன்னும் வரல.